முதல் பூங்காப் பயணம்: கரையில் ஒருவர் இருக்கட்டும்

கோடை விடுமுறை நெருங்கும்போது எங்கள் குழந்தைகள் நலப் பிரிவின் புறநோயாளர் கூடத்தில் ஒரே கேள்வி பல குரல்களில் எழும். “இவனைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லலாமா?” “நீர்ச் சறுக்கில் விடலாமா?” “ராட்டினத்தில் ஏற்றினால் ஏதேனும் ஆகுமா?” இவ்வாறு கேட்கும் பெற்றோருக்கு விடை கூறுவது எளிது. கேட்காமலே எழுந்து செல்லும் பெற்றோரும் உண்டு. விடை ‘இல்லை’ என்றுதான் இருக்கும் என்று அவர்கள் தாமே முடிவு செய்துவிட்டார்கள். இக்கட்டுரையை அவர்களை எண்ணியே எழுதுகிறோம்.

எழுதுகின்ற நாங்கள், இப்பிரிவில் நீரிழிவு உள்ள குழந்தைகளுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் பயிற்சி அளிக்கும் செவிலியர்களும் உணவு ஆலோசகர்களும் ஆவோம். கீழே வரும் நிகழ்ச்சியைப் பெற்றோரின் இசைவுடன், பெயர்களைத் தவிர்த்துத் தருகிறோம்.

ஒரு சிறுவனின் முறையீடு

அச்சிறுமிக்கு வயது 6. நான்காம் வயதில் முதல் வகை நீரிழிவு கண்டறியப்பட்டது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுவதால் இந்நோய் வருகிறது. இனிப்பு மிகுதியாகத் தின்றதாலோ, பெற்றோரின் கவனக்குறைவாலோ வருவதன்று. இதற்கு மாத்திரையும் பத்தியமும் போதா. நாள்தோறும் இன்சுலின் செலுத்தியே ஆக வேண்டும். 1922-ஆம் ஆண்டு ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும் வரை, இந்நோய் வந்த குழந்தைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை. இன்று அவர்கள் பள்ளி செல்கிறார்கள், வளர்கிறார்கள், பணிக்குச் செல்கிறார்கள், மணம் முடிக்கிறார்கள்.

அச்சிறுமியின் தாய் ஊசி போடுவதிலும் குறிப்பேடு எழுதுவதிலும் எங்களுக்கே பாடம் சொல்லத்தக்க நேர்த்தி உடையவர். ஆயினும், இரண்டு ஆண்டுகளாக அக்குடும்பம் ஊரை விட்டு வெளியே ஓர் இரவும் தங்கியதில்லை. திருமணங்களுக்குத் தந்தை மட்டும் சென்று திரும்புவார். பொங்கலுக்குப் பாட்டி வீட்டுக்கும் போகவில்லை. இதை நாங்கள் அறிந்திருக்கவில்லை. குறிப்பேட்டில் எண்கள் ஒழுங்காக இருந்தன. எங்களுக்கு அதுவே நிறைவாக இருந்தது.

சென்ற மார்ச் மாதம் தாயுடன் அவள் அண்ணனும் வந்திருந்தான். வயது 10. தங்கையின் எடையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்களில் ஒருவர் பேச்சுக்காக, “லீவுக்கு எங்கே போகப்போகிறாய், தம்பி?” என்று கேட்டார்.

“எங்கேயும் இல்லை சிஸ்டர். இவளால் நாங்கள் எங்கேயும் போக மாட்டோம்” என்றான் அவன்.

தாய் அவன் கையைப் பிடித்து அழுத்தினார். சிறுமி தராசை விட்டு இறங்காமல் கீழேயே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்ல விசாரித்தபோது தெரிந்தது: அவன் பள்ளியில் பூங்காச் சுற்றுலாவுக்கான சுற்றறிக்கை வந்திருந்தது. அதை வீட்டில் காட்டாமல் இரண்டு வாரம் பைக்குள்ளேயே வைத்திருந்தான். கேட்டால் அம்மா அழுவாள் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

அன்று மாலை நாங்கள் ஒரு வேலை செய்தோம். நோய் கண்டறியப்பட்ட குடும்பங்களுக்கு நாங்கள் கொடுக்கும் அச்சிட்ட அறிவுரைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் ‘கூடாது’ என்னும் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினோம். 14 முறை வந்தது. ‘செல்லலாம்’ என்னும் சொல் ஓரிடத்திலும் இல்லை. அத்தாய் எங்கள் சொல்லை மீறாமல் நடந்துகொண்டார். அவ்வளவே. பிழை எங்களிடத்தும் இருந்தது.

விளையாட்டு யாருக்கு உரியது

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், டிஸ்னி உலகத்திற்கு அணித்தாகக் கிசிமி என்னும் ஊரில், ‘கிவ் கிட்ஸ் த வேர்ல்ட்’ என்னும் பெயரில் ஒரு குழந்தைகள் சிற்றூர் உள்ளது. 1986-இல் இவ்வறப்பணியைத் தொடங்கியவர் ஹென்றி லேண்ட்வர்த் என்னும் விடுதித் தொழிலதிபர். சிறுவனாக இருந்தபோது நாஜி வதைமுகாம்களில் அடைபட்டு உயிர் மீண்டவர் அவர். இரத்தப் புற்றுநோய் கண்ட ஒரு சிறுமி பூங்காவைக் காண விரும்பினாள். ஆனால் பயண ஏற்பாடுகள் முடியுமுன்பே அவள் இறந்துவிட்டாள். இனி எந்தக் குழந்தைக்கும் ஏற்பாடு தாமதம் ஆகக்கூடாது என்பதே அவருடைய உறுதியாயிற்று. கடும் நோயுற்ற குழந்தைகள் குடும்பத்துடன் அங்கே கட்டணமின்றித் தங்கிப் பூங்காக்களைக் கண்டு செல்கிறார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் 2010-இல் திறக்கப்பட்ட ‘மார்கன்ஸ் வொண்டர்லேண்ட்’ மாற்றுத்திறன் உடையோரும் மற்றோரும் சேர்ந்து விளையாடும்படி அமைக்கப்பட்டது. 2017-இல் அதனுடன் சேர்ந்த நீர்ப் பூங்காவில், நனைந்தாலும் பழுதாகாத சக்கர நாற்காலிகளும் உள்ளன.

நம் ஊரில் அத்தகைய சிற்றூர் இல்லாமல் இருக்கலாம். ஆனால், நோயுற்ற குழந்தைக்கும் விளையாட்டு உரியது என்னும் கருத்துக்குக் கட்டடம் தேவையில்லை.

ஆகவே, அடுத்த வாரம் பெற்றோர் இருவரையும் வரவழைத்தோம். மருத்துவரும் உடனிருந்தார். தந்தை ஜவுளிக் கடையில் பணியாற்றுபவர். தொடக்கத்தில் அவர் ஏதும் பேசவில்லை. பிறகு, தாம் ஆறாம் வகுப்பில் படித்தபோது பள்ளியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வி.ஜி.பி. பூங்காவுக்குச் சென்றதையும், அங்கே அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்கவைக்க நண்பர்களெல்லாம் முயன்று தோற்றதையும் சொன்னார். சொல்லும்போது அவரே சிரித்துவிட்டார். “அதை என் பிள்ளைகளுக்கும் காட்டவேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன்” என்றார்.

புறப்படும் முன்

ஏப்ரல் இறுதியில் ஒரு வார நாளைத் தேர்ந்தெடுத்தோம். விடுமுறை நாளில் கூட்டமும், வரிசையில் நிற்கும் நேரமும் மிகும். தாம்பரத்தில் பெரியம்மா வீட்டில் முதல் நாள் இரவு தங்குவது, மறுநாள் நீர் விளையாட்டு உள்ள பூங்கா ஒன்றுக்குச் செல்வது, அன்றிரவும் அங்கேயே தங்கித் திரும்புவது என்று திட்டம் அமைந்தது. எந்த நோயுடைய குழந்தைக்கும் பொருந்துவன இதில் பல உள்ளமையால், செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, மருத்துவரின் கடிதம். பெரும்பாலான பூங்காக்களில் வெளி உணவுக்கு அனுமதி இல்லை. குழந்தைக்கு நீரிழிவு உள்ளது, ஊசியும் பரிசோதனைக் கருவியும் உணவும் எப்போதும் உடனிருக்க வேண்டும் என்று கடிதம் எழுதித் தந்தோம். தந்தை முன்னதாகவே பூங்காவுக்குத் தொலைபேசியில் பேசி, கடிதத்தைக் காட்டினால் உணவு கொண்டு வரலாம் என்பதை உறுதி செய்துகொண்டார். முதலுதவி அறை எங்குள்ளது என்பதையும் கேட்டறிந்தார்.

இரண்டாவது, உயரம். பல சுழல்விளையாட்டுகளின் வாயிலில் உயரம் அளக்கும் கோல் நிற்கும். அக்கோலை எட்டாத குழந்தையை உள்ளே விடமாட்டார்கள். அது குழந்தையின் காப்புக்காகவே உள்ள விதி. வரிசையில் அரைமணி நேரம் நின்ற பின்பு திருப்பி அனுப்பப்பட்டால் குழந்தை அழும். எனவே, வீட்டிலேயே சுவரில் கோடிட்டு உயரத்தை அளந்துகொள்ளச் சொன்னோம். சிறுமியின் உயரம் 114 சென்டிமீட்டர். எவற்றில் ஏறலாம், எவற்றில் அண்ணன் மட்டும் ஏறுவான் என்று முதல் நாளே பேசி முடித்துவிட்டார்கள்.

மூன்றாவது, இன்சுலின். திறக்காத இன்சுலினைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைக்கவேண்டும். உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. கடும் வெயிலில் கிடந்த இன்சுலினும் வீரியம் இழக்கும். மருந்தை அகன்ற வாயுடைய தெர்மாஸ் குடுவையில், பனிக்கட்டி நேரே படாதவாறு துணி சுற்றி எடுத்துச் சென்றார்கள். ஊசி, பரிசோதனைப் பட்டைகள், இன்சுலின் ஆகியவற்றை இரு பங்காகப் பிரித்து, ஒரு பங்கைப் பெரியம்மா வீட்டில் வைத்தார்கள். ஒரு பை தொலைந்தாலும் மற்றொன்று இருக்கும்.

நான்காவது, மருந்தின் அளவு. ஓடியாடி விளையாடும் நாளில் உடல் சர்க்கரையை மிகுதியாகச் செலவிடும். வெப்பத்தில் இன்சுலின் விரைந்து உடலில் சேரும். ஆதலால் சர்க்கரை தாழ்வதற்கு வாய்ப்பு அதிகம். அந்த நாளுக்கு எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவரே கணித்து எழுதிக் கொடுத்தார். பெற்றோர் தாமாக அளவை மாற்றுவதும், ஊசியை நிறுத்துவதும் ஆபத்தானவை.

ஐந்தாவது, கரையில் ஒருவர். பொருள்களைப் பூட்டறையில் வைத்துவிட்டு அனைவரும் நீருக்குள் இறங்கிவிடுவது பூங்காக்களில் வழக்கம். பரிசோதனைக் கருவியும் குளுக்கோஸ் பொடியும் பூட்டறைக்குள் இருந்தால், தேவைப்படும் வேளையில் அவை எட்டாத் தொலைவில் இருக்கும். எனவே, தந்தையும் தாயும் முறை மாற்றிக்கொள்ள வேண்டும், ஒருவர் நீரில் குழந்தையைக் கைநீட்டித் தொடும் தொலைவில் இருக்க, மற்றவர் பையுடன் கரையில் இருக்க வேண்டும் என்று சொன்னோம். ஆழம் முழங்கால் அளவே ஆனாலும், மூழ்கும் குழந்தை குரல் எழுப்பாமலே மூழ்கிவிடும். உயிர்காப்பாளர் நிற்கிறார் என்பது பெற்றோர் கண்ணை எடுப்பதற்குக் காரணம் ஆகாது.

இறுதியாக, சிறுமியின் கையில் அழியாத மையால் தந்தையின் தொலைபேசி எண்ணையும் ‘நீரிழிவு – இன்சுலின்’ என்னும் சொற்களையும் எழுதினார்கள். கூட்டத்தில் கைதவறும் குழந்தைக்கு நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது துணை செய்யும்.

பஞ்சு மிட்டாய்க் கை

காலையில் அனைத்தும் நன்றாகவே நடந்தன. 10 மணிக்குச் சர்க்கரை அளவு 174. சிறுமி வேர்க்கடலை உருண்டை ஒன்றைத் தின்றுவிட்டு நீருக்குள் இறங்கினாள். அலைக்குளத்தில் ஒரு மணி நேரம் தாயின் கையைப் பற்றியபடி குதித்தாள். பிறகு கரைக்கு வந்து தலை துவட்டிக்கொண்டாள். அண்ணன் பஞ்சு மிட்டாய் வாங்கியிருந்தான். செருப்பின் வாரைச் சரிசெய்வதற்காக அதைத் தங்கையிடம் சற்று நேரம் கொடுத்து வைத்தான். அவள் தின்னவில்லை. குச்சியையும், காற்றில் பிய்ந்து வந்த இழைகளையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்ததாகச் சிறு சறுக்குக்குப் போகலாம் என்று அண்ணன் அழைத்தான். அவள் “வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அமர்ந்துகொண்டாள்.

தாய் பரிசோதித்தார். கருவி 168 என்று காட்டியது. அவருக்கு ஆறுதலாயிற்று. களைப்பாக இருக்கும், சற்று உட்காரட்டும் என்றார். அண்ணனோ நகரவில்லை. “அம்மா, இவள் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். காலையிலிருந்து அந்தச் சறுக்கைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்” என்றான். சற்று நேரம் கழித்து, “கையைக் கழுவாமல் பார்த்தீர்களே” என்றும் சொன்னான்.

மார்ச் மாதத்தில் எங்கள் அறையில் தாய்க்கு மீண்டும் ஒருமுறை பயிற்சி அளித்தபோது அவன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். விரலில் சர்க்கரைத் துகளோ பழச்சாறோ ஒட்டியிருந்தால், இரத்தத்தில் இல்லாத சர்க்கரையையும் கருவி சேர்த்துக் காட்டும், ஈரம் இருந்தால் குறைத்தும் காட்டும், ஆகவே கழுவித் துடைத்து உலர்ந்த விரலில்தான் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருந்தோம். அவன் கேட்கிறான் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

கையைக் கழுவித் துடைத்து மீண்டும் பார்த்தார்கள். 58.

70-க்குக் கீழே இறங்கினால் தாழ்சர்க்கரை. உடனே சர்க்கரை கொடுக்கவேண்டும். வியர்வை, நடுக்கம், பசி, எரிச்சல், குழப்பம் ஆகியன இதன் அறிகுறிகள். நீர் விளையாட்டின்போது வியர்வை தெரியாது. நடுக்கத்தைக் குளிர் என்று எண்ணிவிடுவோம். சிறு குழந்தைகளிடம் வழக்கத்துக்கு மாறான அமைதி ஒன்றே அறிகுறியாகவும் இருக்கும்.

தந்தை கரையில் பையுடன் இருந்தார். எடைக்கேற்ப மருத்துவர் குறித்துக் கொடுத்த அளவில் குளுக்கோஸ் பொடியை முதல் நாளே சிறு பொட்டலங்களாகக் கட்டி வைத்திருந்தார்கள். ஒன்றை நீரில் கரைத்துக் குடிக்கவைத்தார். 15 நிமிடம் காத்திருந்து மறுபடி பார்த்தபோது 96. பிறகு இரண்டு இட்லி கொடுத்தார்கள். அரைமணி கழித்துச் சிறுமி எழுந்து, “இப்போ போகலாமா?” என்று அண்ணனிடம் கேட்டாள்.

அந்த 15 நிமிடம் தம் வாழ்நாளிலேயே நீண்டது என்று தாய் எங்களிடம் சொன்னார். வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று ஒருமுறை எழுந்தும்விட்டாராம். கணவர்தான், “வீட்டிலும் இது வந்திருக்கிறதே. அங்கே செய்ததைத்தான் இங்கேயும் செய்தோம்” என்று அமர்த்தியிருக்கிறார்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்கிறோம். தாழ்சர்க்கரையால் குழந்தை நினைவிழந்தாலோ, வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். குளுக்ககான் ஊசி வைத்திருந்து பயிற்சியும் பெற்றிருந்தால் அதைச் செலுத்துங்கள். முதலுதவி அறைக்கு ஆள் அனுப்பி, 108-க்கு அழையுங்கள்.

அன்றிரவு பெரியம்மா கேசரி கிண்டியிருந்தார். மறுப்பதற்கு மாறாக, உணவோடு சேர்த்துச் சிறு கரண்டியளவு கொடுத்து, அதையும் கணக்கில் வைத்துக்கொண்டார் தாய். நிறைய விளையாடிய நாளின் இரவில், பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை தாழலாம். அதனால் நள்ளிரவு கடந்து 2 மணிக்குக் கடிகாரம் வைத்து எழுந்து பார்த்தார்கள். 88. எங்கள் அறிவுரைப்படி அரைக் குவளைப் பால் கொடுத்துத் தூங்கவைத்தார்கள்.

பிற நோய்களுடைய குழந்தைகளுக்கு

ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு, இழுப்பு மருந்தும் அதற்குரிய இடைக்குழாயும் கரையில் இருப்பவரின் பையில் இருக்கவேண்டும். நீர் விளையாட்டில் உள்ள குளோரின் நெடி சிலருக்கு இளைப்பைத் தூண்டும். இருமல் தொடங்கியதும் வெளியே அழைத்து வாருங்கள்.

வலிப்பு நோய் உள்ள குழந்தை நீரில் இறங்கும்போது, அக்குழந்தையை மட்டுமே பார்த்துக்கொள்ளப் பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்கவேண்டும். பயணத்தின் பரபரப்பில் ஒருவேளை மாத்திரை தவறுவதும், இரவு தூக்கம் குறைவதும் வலிப்பை வரவழைக்கும். உயரச் சுழல்விளையாட்டுகளைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

இதய நோய்க்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகள் பலர் பூங்காவில் இயல்பாக விளையாடலாம். எனினும் திடீரெனப் பாயும், தலைகீழாகச் சுழலும் விளையாட்டுகளுக்கு இதய மருத்துவரின் ஒப்புதல் தேவை.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு இரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் கூட்டம் நிறைந்த இடமும் பொதுக்குளமும் ஏற்றவை அல்ல. மார்பிலோ கையிலோ மருந்துக் குழாய் பொருத்தியிருந்தால் குளத்தில் இறங்கவே வேண்டாம். சில மருந்துகள் தோலை வெயிலுக்குக் கூசவைக்கும். சிகிச்சை முடிந்து மருத்துவர் இசைவு தரும் நாள் வரும். அதுவரை மாலை நேரத்துக் கடற்கரையும் சிறு பூங்காவும் போதும்.

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில், நோய் எதுவாயினும், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். நுழைவுச்சீட்டின் பணம் வீணாகுமே என்று எண்ண வேண்டா.

குறிப்பேட்டின் ஒரு பக்கம்

மே மாதம் அக்குடும்பம் மீண்டும் வந்தது. தாய் குறிப்பேட்டை நீட்டினார். அந்த நாளுக்குரிய பக்கத்தில் ஒன்பது எண்கள் இருந்தன. 168 என்பதன் மேல் கோடிட்டு, பக்கத்தில் 58 என்று எழுதி, குறிப்புப் பகுதியில் ‘பஞ்சு மிட்டாய்க் கை’ என்று தம் அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தார். அதற்குக் கீழே பென்சிலால் வேறொரு கையெழுத்து: ‘அலைக்குளம் 2 முறை. சிறு சறுக்கு 5 முறை.’ அண்ணன் எழுதியது.

சிறுமியின் நோய் மாறிவிடவில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை முன்பிருந்த அளவிலேயே இருந்தது. ஒரு நாள் பயணத்தால் அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் ஜூன் மாதத்தில் சித்தப்பா மகளின் திருமணத்துக்கு நால்வரும் சென்று இரண்டு இரவு தங்கி வந்தார்கள். அதற்கு எங்களிடம் ஆலோசனை கேட்கவும் இல்லை. வந்த பிறகுதான் சொன்னார்கள்.

எங்கள் அறிவுரைத் தாளையும் மாற்றி எழுதியுள்ளோம். ‘கூடாது’ என்னும் சொல் இப்போது ஐந்து இடங்களில்தான் உள்ளது. அவ்வைந்தும் உண்மையிலேயே கூடாதவை. பின்பக்கத்தில் பயணத்துக்கான பட்டியல் ஒன்றைச் சேர்த்துள்ளோம். பயிற்சியின்போது உடன்பிறந்தோரையும் அழைத்து வரும்படி அதில் கேட்டிருக்கிறோம்.

உங்கள் குழந்தையை முதன்முறையாக எங்கேனும் அழைத்துச் செல்ல விரும்பினால், புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பாக எங்களிடம் வாருங்கள். கடிதம் எழுதவும், மருந்தின் அளவை மருத்துவருடன் பேசவும், பையில் வைப்பனவற்றைச் சரிபார்க்கவும் அக்கால அளவு போதும். சில வேளைகளில் இப்போது வேண்டாம், சற்றுப் பொறுங்கள் என்று சொல்ல நேரலாம். அப்போதும், எப்போது செல்லலாம் என்பதையும் சேர்த்தே சொல்வோம்.